தார்ச்சட்டை

யூகிம் வெர்பா என் வண்டிக்கூட்டத்தில் பதினொரு வருடம் உப்புக்கு வந்தான். பொல்தாவா பக்கத்திலிருந்து கிரிமியா வரை காளைவண்டியில் போய், உப்பும் கருவாடும் ஏற்றி வருவது எங்கள் தொழில். கூட்டத்துக்குத் தலைவன் நான். தாரில் தோய்த்த சட்டை இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது என்பது என் விதி. தெற்குப் புல்வெளியில் கொள்ளைநோய் பேனோடு வரும். தாரில் பேன் தங்காது.

யூகிமுக்குத் துணி நெய்வது அவன் மனைவி மோத்ரியா. ஆற்றங்கரையில் மூன்று வாரம் நனைத்து நனைத்துக் காயவைத்துத் துணியைப் பால்போல் ஆக்குவாள். தைத்த சட்டையை யூகிம் தார்ச்சட்டியில் முக்கும்போது மட்டும் வீட்டுக்குள் போய்விடுவாள்.

1858 கோடையில் பெரெகோப் சாலையோரம் ஒரு வெளிநாட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தார். ஜெர்மன் பத்திரிகைக்குப் படம் வரைபவர். அவருடைய வண்டிக்காரன் விட்டுவிட்டு ஓடியிருந்தான். உடையெல்லாம் பேன். நான் தயங்கினேன். யூகிம் அவர் உடைகளைக் கொளுத்திவிட்டுத் தன் மாற்றுச் சட்டையை மாட்டிவிட்டான்.

“அண்ணே, தொரைக்கு வாசனை புடிக்கல. மூக்கப் பொத்திக்கிறாரு.”

“மூக்கப் பொத்தட்டும். கண்ண மூடாம இருந்தாச் சரி.”

ஒன்பது நாள் தன் வண்டியில் வைத்துத் தினைக்கஞ்சி ஊட்டினான். எழுந்து உட்கார்ந்ததும் அவர் யூகிமை வரைந்தார். உடைந்த ருஷ்ய மொழியில் பெயர் கேட்டார்.

“ருஷ்யன்னு போட்றாதீங்க. நாங்க கொசாக்கு வம்சம். பேரு யூகிம் வெர்பா. சட்ட மோத்ரியா தச்சது. அதையும் எழுதுங்க.”

எழுதிக்கொண்டார். பிரியும்போது அந்தச் சட்டையை ஞாபகத்துக்குக் கேட்டு வாங்கி, யூகிமின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார்.

குளிர்காலம் முழுக்க யூகிமுக்கு இதே பேச்சு. மிர்கோரோத் மருந்துக்கடை ஜெர்மானியருக்குப் பழைய பத்திரிகைகள் வரும். வசந்தத்தில், யூகிமின் படம் வந்திருக்கிறது என்று அவர் ஆள் அனுப்பினார். யூகிமும் மோத்ரியாவும் திருவிழா உடையில் கிளம்ப, நானும் போனேன்.

படம் பிசகில்லாமல் இருந்தது.

“அய்யோ, நீயேதான்! அந்த மூக்கு கூட!” என்றாள் மோத்ரியா.

கடைக்காரர் மனதுக்குள் படித்துவிட்டு நிறுத்தினார். “படம் அழகா இருக்கு. சும்மாவே எடுத்துட்டுப் போப்பா.”

“கீழ இருக்கறதப் படிங்க ஐயா.”

படித்தார். “‘ருஷ்யக் குடியானவன். இவர்கள் ஆயுள் முழுக்கச் சட்டையைத் துவைப்பதில்லை. அழுக்கு ஏறி ஏறித் துணி தோல்போல் கறுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட சட்டை ஒன்று நமது நகரக் கண்காட்சியில் வைக்கப்பட்டுள்ளது.’”

“பேரு?” என்றான் யூகிம்.

“இல்லப்பா.”

“காய்ச்சல்ல கெடந்தது?”

“அதுவும் இல்ல.”

“தொவைக்கறதில்லையா?” மோத்ரியா தன் கைகளை மேசைமேல் விரித்து வைத்தாள். “மூணு வாரம் தண்ணியில நின்னேனே! அதப் போட்டுக்கிட்டுத்தானே அந்த ஆளு பொழச்சான்?”

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வரும் வழியில், “உன் மூக்கு ஜெர்மனி வரைக்கும் போயிருச்சு பாரு” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானே ஏன் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் முடிந்து பதினாறு வண்டிகள் புறப்பட நின்றன. யூகிம் வெள்ளைச் சட்டையில் வந்தான்.

“தார்ச்சட்ட எங்கடா?”

“ஜெர்மனில ஆணில தொங்குது.”

“வெளையாடாத. வேற ஒண்ணு முக்கிட்டு வா, நிக்கறோம்.”

“வழியில பாக்கறவன் என்ன நெனப்பான்?”

“நெனச்சுட்டுப் போறான். பேனு நெனச்சுப் பாத்தா கடிக்கும்?”

அவன் அருகில் வந்தான். “நீ சொல்லுண்ணே. நான் அழுக்கா?”

“இல்லடா.”

“அப்ப இப்படியே வரேன்.”

மற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பேன் எல்லோருக்கும் பேன். நான் அவன் காளைகளின் கொம்பைப் பிடித்து ஊர்ப்பக்கம் திருப்பினேன்.

அவன் சண்டை போடவில்லை. “அவன் வெளிநாட்டான்” என்றான். “நீ?”

சாட்டையை எடுத்துக்கொண்டு முன்வண்டிக்கு நடந்தேன். மேட்டில் ஏறியபோது திரும்பிப் பார்த்தேன். வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்றது. பக்கத்தில் அந்தச் சட்டை, வெகுதூரம் வரை வெள்ளையாகத் தெரிந்தது.