அட்டவணையில் அப்பாவின் பெயர்

நவமணி அக்காவுக்குக் கோபம் வந்தால் கம்ப்யூட்டர்கூடப் பயப்படும் என்று எங்கள் டிப்போவில் சொல்வோம். மலேசியாவின் ஈப்போவில் எங்கள் பஸ் கம்பெனியில் தட்டச்சராக இருந்தார். எண்பத்தாறில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியதும் டிரைவர்களின் மாத அட்டவணை அவர் தலையில் விழுந்தது. குனோங் ராபாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே யாரையாவது திட்டியிருப்பார்.

ஒருநாள் டிரைவர் அர்ச்சுனன் அட்டவணைத் தாளோடு வந்து நின்றார்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம பாகான் டத்தோவுலேருந்து என் மகள பொண்ணு பாக்க வாராங்க. லீவு கேட்டிருந்தேன். இதுல திங்கக்கெழமைல இருக்கு லா. ஞாயிறு நான் கோலா கங்சார் பஸ் ஓட்டணுமாம்."

"நான் ஞாயிறுதான் அடிச்சேன்" என்றார் அக்கா.

மேனேஜரோ, தாளில் இருப்பதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டார். அக்கா பிரிண்டரைத் திட்டினார், தாளை மாற்றிப் போட்டார். திரையிலும் அதே கோணல்தான். பிறகுதான் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். சீன டிரைவர்கள் லிம், டான் வரிகள் நேராக இருந்தன. அர்ச்சுனன் வரியும் சலாஹுதீன் அண்ணன் வரியும் மட்டும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்திருந்தன. இந்த இருவர் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்து வந்ததால், பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் லீவைப் பக்கத்து நாளுக்குத் தள்ளிவிட்டிருந்தது.

அக்கா அப்பா பெயர்களை அழித்தார். லீவு ஞாயிற்றுக்கிழமையில் வந்து உட்கார்ந்தது. அர்ச்சுனன் தாளை வாங்கிப் பார்த்தார். தன் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"எங்கப்பா பேரு எங்கக்கா?"

"எடம் பத்தல, அர்ச்சுனன்."

"சரிக்கா. லீவு கெடச்சிச்சி, அது போதும். எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டியே போய்ச் சேந்தாரு. அவரு பேரு எழுத்துல இருக்கிறது என் பேருக்குப் பின்னாலதான். அதான் கேட்டேன்."

அக்கா சாப்பிடப் போகவில்லை. அப்பா பெயர்களைத் திரும்ப அடித்து, பெயர்க் கட்டத்தை அகலப்படுத்தினார். உடனே மாதக் கடைசி நாட்கள் தாளுக்கு வெளியே போயின. அவற்றைத் தனித் தாளில் அச்சடித்து, பசை தடவி ஒட்டிச் சுவரில் மாட்டினார்.

மேனேஜர் வந்து, "என்ன இது, வால் மாதிரி?" என்றார்.

"எங்க அப்பாங்களுக்கு எடம் வேணும், சார்."

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். ஞாயிறன்று கோலா கங்சார் பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார். அர்ச்சுனன் வேட்டி கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றார்.

அடுத்த மாத அட்டவணையை நான்தான் முதலில் பார்த்தேன். கடைசியில் அலுவலக ஆட்களின் வரிகள். இத்தனை நாளும் வெறும் நவமணி என்றிருந்த வரியில், நவமணி, மாயாண்டி மகள் என்றிருந்தது.