உப்புப் போகக் கழுவுகிறவர்

காய்த்தோலை மூன்றாவது தண்ணீரில் அலசிக்கொண்டிருக்கிறார் சமையல்காரர் பெரிய கரண்டி. அடுப்பில் சூப்பு கொதிக்கிறது. கூடத்தில் படகிலிருந்து இறங்கிய கூட்டம் மேசையைத் தட்டாத குறையாக உட்கார்ந்திருக்கிறது. அவரோ முழங்கை வரை ஈரமாகப் பின்கட்டுத் தொட்டியில் குனிந்து, கோஸின் வெளி இலை, கேரட் தோல், பூக்கோசின் தண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்துப் பிழிகிறார்.

“அண்ணே, குப்பைக்கு எண்ணெய் தேய்ச்சு தலைக்கு ஊத்திடலாமா?” என்று உள்ளிருந்து கேட்கிறாள் காய் நறுக்குகிறவள்.

“உனக்கு வேலை இல்லையா? வெங்காயத்தைப் பாரு.”

“வெங்காயமே என்னைப் பார்த்து அழுது முடிச்சாச்சு. நீங்க வந்து சூப்பைப் பாருங்க, பொங்கி அடுப்பை அணைக்கப் போகுது.”

“வரேன், வரேன். ஒரு தண்ணி பாக்கி இருக்கு.”

அந்த ஒரு தண்ணீர் அவருக்கு எப்போதும் பாக்கிதான். காய்களில் பூச்சிமருந்து இல்லை என்பதால் புழு தாராளமாகக் குடியிருக்கும். அது வெளியேற வேண்டுமென்று நறுக்குவதற்கு முன் உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பது அந்தச் சமையலறையின் வழக்கம். அந்த உப்பு தோலில் ஒரு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. அடுப்பைக்கூட அடுத்தவர் கையில் கொடுப்பார், இந்தத் தொட்டியைக் கொடுக்க மாட்டார்.

படகுத்துறைக்கு எதிரே இருக்கும் ஓட்டலில் அவர்தான் தலைமைச் சமையல்காரர். கரண்டி பெரியது, ஆள் சிறியவர். தீவுக்காரர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பெரிய கரண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். அதை எழுதப் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை, முதுகு சொறிவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பீன்ஸைக் காதருகே வைத்து ஒடித்துச் சத்தம் கேட்பார். சத்தம் பிடித்தால் பாதியைத் தானே தின்றுவிடுவார். “இன்னைக்கு என்ன சாப்பாடு?” என்று காலையில் வந்து கேட்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: “பெட்டி வரட்டும், அப்புறம் கேளுங்க.”

பெட்டி என்றால் மரப்பெட்டி. தீவில் பயிர் வைக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒன்றில் நீலச்சாயம், ஒன்றில் தேய்ந்த பூப்படம், ஒன்றுக்குக் கயிற்றுக் கைப்பிடி. காலையில் காயோடு பின்வாசலுக்கு வரும். மாலையில் தோலும் தண்டும் முட்டை ஓடுமாக அதே பெட்டி உரத்துக்குத் திரும்பிப் போகும். வந்த பெட்டி வெறும் வயிற்றோடு வீடு திரும்பக் கூடாது என்பது பெரிய கரண்டியின் சட்டம். அந்தத் தீவில் மண் கிடையாது, மணல்தான். மண் வேண்டுமென்றால் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கடற்பாசி, மீன் தலை, சமையலறைக் கழிவு, சாணி எல்லாம் சேர்ந்து மக்கி, கையில் எடுத்தால் ஒட்டுகிற பதத்துக்கு வர ஒரு தலைமுறை ஆகும். கடையில் விற்கும் உர மூட்டையை அவிழ்த்தவர்கள் இரண்டு பருவம் சிரித்தார்கள். மூன்றாவது பருவத்தில் நிலம் மறுபடி மணலாகிப் பல்லைக் காட்டியது.

முன்பெல்லாம் அந்தப் பின்வாசலே ஒரு சந்தை போல இருக்கும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பயிர் வைக்கிறவர்களே வருவார்கள். யார் கத்தரிக்காயில் ஓட்டை அதிகம் என்று கேலி நடக்கும். கல்யாணப் பேச்சு தொடங்கும், முறியும், மறுநாள் மறுபடி தொடங்கும். பெரிய கரண்டி பெரிய கெட்டிலில் தேநீர் போட்டு, யாருக்குச் சர்க்கரை ஆகாது என்று கேட்காமலே ஊற்றுவார். அதை நினைத்தால் இன்றும் அவர் கை தானாகக் கெட்டிலில் கூடுதல் தண்ணீர் பிடிக்கிறது. அக்கரையிலிருந்து பெரிய படகு பளபளவென்று காய்களைக் கொண்டுவரத் தொடங்கிய பிறகு சிலர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டார்கள். மீதிப் பேருக்கு வயதாகிவிட்டது. இப்போது பெட்டிகளை எல்லாம் ஒரே மூன்று சக்கர வண்டியில் அள்ளிக்கொண்டு வருகிறவர் வண்டிக்காரர். வாய் ஓயாததால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

ஓட்டல் மேனேஜர் ஒருநாள் படகுத் தக்காளி ஒன்றைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தார். “பாருங்க, எல்லாம் ஒரே அளவு. ஒரு தழும்பு இல்லை. நம்ம ஆளுங்க கொடுக்கிறது ஒண்ணு மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கு, ஒண்ணு கன்னம் வீங்கி இருக்கு.”

பெரிய கரண்டி அந்தத் தக்காளியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அது எகிறி மேனேஜர் கால் வரைக்கும் போனது.

“விளையாட நல்லாயிருக்கும் சார். குழந்தைக்கு எடுத்துட்டுப் போங்க.”

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வந்து சாப்பிட்டவர்கள் தட்டை வழித்த அழகையும் அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்!

எல்லாப் பெட்டிக்கும் தோல் இரண்டு முறை அலசப்படும். கயிற்றுக் கைப்பிடிப் பெட்டிக்கு மட்டும் மூன்று முறை. அதில் போகிற முட்டை ஓட்டை அவரே அம்மியில் வைத்து மாவாக நுணுக்குவார். அது அவருடைய அண்ணனின் பெட்டி. ஒரே தீவில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற அந்த அண்ணனோடு அவர் ஒரு வார்த்தை பேசாமலே, தலை கறுப்பாக இருந்த காலம் போய் நரைத்துக் கொட்டும் காலமும் வந்திருந்தது.

தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அண்ணன். காற்றுக் காலத்தில் கடல் கரையில் தள்ளும் பாசியைச் சாக்கில் கட்டி, நடுவே கம்பு நுழைத்து, முன்னே அண்ணன் பின்னே தம்பி என்று மேட்டுக்குச் சுமப்பார்கள். அண்ணன் வேண்டுமென்றே சாக்கைத் தன் பக்கமாக இழுத்துக்கொள்வார். “ஏன்ணே, உனக்கு மட்டும் கனக்குது?” என்று தம்பி கேட்டால், “நான் முன்னாடி போறேன்ல, காத்து என்னைத்தான் தள்ளுது, பேசாம வாடா” என்பார். காற்றுக்கும் கனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பிக்கு அன்று தோன்றவே இல்லை. இன்று தோன்றுகிறது. தோன்றும்போதெல்லாம் வெங்காயம் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

அந்தப் பாசியில்தான் விதி உட்கார்ந்திருந்தது. கரையிலிருந்து எடுத்த பாசியைப் பாறையில் பரப்பி, இரண்டு நல்ல மழை அதன் உப்பைக் கழுவிய பிறகே பாத்தியில் போடுவார்கள். ஒரு வருடம் மழை தள்ளிப்போயிற்று. அண்ணிக்குப் பிரசவ நேரம். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அண்ணன், “மழை பெய்யாம பாசியில கை வைக்காதே” என்று சொல்லிவிட்டுத்தான் படகேறினார். தம்பிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. குழந்தையோடு அவர்கள் திரும்பும்போது தோட்டம் முழுக்கப் பாத்தி கட்டி நிற்க வேண்டும், அண்ணன் அசந்துபோக வேண்டும்! ராப்பகலாக உழைத்து, மழை காணாத பாசியை ஒரு பாத்தி விடாமல் புதைத்து, மேலே தக்காளி நாற்றும் நட்டான். வியர்வையோடு பாசியின் உப்பும் சேர்ந்து மண்ணில் இறங்கியது.

அவர்கள் வந்தபோது தக்காளிச் செடிகள் தீயில் வாட்டியது போல ஓரம் கருகி நின்றன. அப்பா காலத்திலிருந்து சேர்த்த மண். அண்ணன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார், துப்பினார். பெற்ற குழந்தையைக்கூடக் கையில் வாங்காமல், ஊர் பார்க்கச் சொன்னார்: “மண்ணைக் கொன்னவன் இனிமே என் வாசல்ல நிக்கக் கூடாது.”

மாற்றுச் சட்டை ஒன்றோடு தம்பி ஓட்டலுக்கு வந்து பாத்திரம் கழுவ உட்கார்ந்தான். அங்கிருந்து கரண்டிக்கு வந்தான். கரண்டி கைக்கு வந்த அன்றே, தீவில் விளையாத காய் இந்த அடுப்பில் ஏறாது என்று சொல்லிவிட்டான். கொன்ற மண்ணுக்கு வேறு எப்படித்தான் கடன் தீர்ப்பது?

அண்ணனின் மண் தேறி எழப் பல மழைக்காலம் பிடித்தது. ஒரு காலையில், மற்றப் பெட்டிகளுக்கு நடுவே, கயிற்றுக் கைப்பிடியோடு ஒன்று வந்து இறங்கியது. உள்ளே தக்காளி. சொல் இல்லை, தூது இல்லை. பெரிய கரண்டி ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது சட்டை மார்பெல்லாம் சாறு. அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பெட்டி வழியாகவே பேசிக்கொண்டார்கள். ஒருமுறை மண்ணுக்கு ஆகாத எலுமிச்சைத் தோல் கூடுதலாகப் போய்விட்டது. மறுநாள் காய்க்கு மேலே அத்தனை தோலும் அப்படியே திரும்பி வந்திருந்தது. அன்று முழுவதும் அவர் முகத்தில் கல்யாணக் களை. “திட்டுறாரு! எங்க அண்ணன் என்னைத் திட்டுறாரு!” என்று பார்த்தவரிடமெல்லாம் தோலைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

போன பருவத்தில் அந்தப் பெட்டி வரவில்லை. ஒருநாள் இல்லை, மறுநாளும் இல்லை.

“ரேடியோ, என்னப்பா ஆச்சு?”

எப்போதும் அலறுகிற ரேடியோ அன்று தணிந்து பேசியது. “உங்க அண்ணன் பெட்டியைக் கவுத்து வெச்சுட்டாருண்ணே. முட்டி போச்சு. பாசி தூக்க ஆளில்லை, பாசி இல்லாட்டி மண்ணு ஏது? இந்த வருஷத்தோட போதும், அக்கரையில மகள்கிட்டயே போயிடுறேன்னு சொல்லிட்டாரு.”

அன்றைக்குச் சூப்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது. அந்தக் கையில் அப்படி நடந்ததே இல்லை. பூசணி போடுகிற அக்கா, பருத்த உடம்பும் அதைவிடப் பருத்த குரலுமாய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“ஏன்டா, கடலையே மொண்டு ஊத்திட்டியா?”

“அண்ணன் பெட்டி வரலைக்கா.”

“பெட்டி வரலைன்னா நீ போயேன்.”

“வாசல்ல நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“அப்ப உட்காரு! அவரு நிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு?” என்றாள். சொன்னவள் சிரிக்கவில்லை. “அந்தத் தோட்டமும் போச்சுன்னா, அப்புறம் உங்களுக்குள்ள என்னடா மிச்சம்?”

தோல் அலச, ஓடு நுணுக்க, திட்டு வாங்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெட்டிதான் இருந்தது. அது நின்றுவிட்டால் அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அவர் அனாதை.

காற்று திரும்பிக் கடல் பாசியைத் தள்ளிய வாரம், விடியும்போது கரையில் அவர் குனிந்து நின்றார். ரேடியோ வண்டியோடு வந்தார். பூசணி அக்கா, முடியாதென்று முனகிக்கொண்டே சாக்கைப் பிடித்தாள். அண்ணன் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த பாறையில் பரப்பிவிட்டு, ஓட்டல் திறக்கும் நேரத்துக்கு வந்துவிடுவார். அதன் பிறகு வானம் பார்க்கிற வேலை. சூப்பைக் கிளறும்போதும் ஜன்னல் பக்கமே கழுத்து. முதல் மழை பெய்தது. “இப்பவே போட்டுடலாமாண்ணே? அவரு மூட்டை கட்டிட்டு இருக்காரு” என்று ரேடியோ பதறினார். பெரிய கரண்டி தலையை ஆட்டி மறுத்தார். “வேணாம். இன்னொண்ணு வரட்டும்.”

இரண்டாவது மழைக்கு அவரை நன்றாகக் காக்க வைத்துவிட்டது வானம். வந்தபோது வஞ்சகமில்லாமல் கொட்டியது. மறுநாள் காலை அந்தப் பாசியை வண்டியில் ஏற்றி, வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், தோட்டத்தின் பின்புற வேலிக்கு வெளியே குவித்தார். குவித்துவிட்டுப் போயிருக்கலாம். கால் நகரவில்லை.

அண்ணிதான் முதலில் பார்த்தாள். கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஊன்றுகோல் சத்தம் வந்தது, பிறகு அண்ணன் வந்தார். முன்னே போய்க் காற்றைத் தாங்கிய அந்தத் தோள்கள் எங்கே போயின? வேலிக்குள்ளிருந்து கை நீட்டி ஒரு பாசித் துணுக்கை எடுத்து வாயில் போட்டார். மென்றார்.

“எத்தனை மழை?”

அத்தனை வருடத்துக்குப் பிறகு காதில் விழுந்த முதல் வார்த்தை!

“ரெண்டுண்ணே.”

“ரெண்டாவது நல்லாப் பெஞ்சுதா?”

“விடிய விடிய.”

அண்ணன் துப்பவில்லை. மென்று விழுங்கினார். அண்ணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “வெளியவே நிக்குறாரேங்க... வாசப்பக்கமா வரச் சொல்லுங்களேன்.”

“வாசல்ல நிக்கக் கூடாதுன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்” என்றார் அண்ணன்.

தம்பி தலை குனிந்துகொண்டார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் ஊன்றுகோலை அவள் கையில் கொடுத்துவிட்டு, வலிக்கிற முட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி குனிந்து, தம்பி நின்ற இடத்துக்கு நேராக வேலிக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடத் தொடங்கினார்.