கரிச்சட்டியும் நாவூறும்

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டின் கராஜ் கதவை வெறி பிடித்தவன்போலத் தூக்கித் திறந்தேன். என் வீடு அல்ல. சிவநேசனின் வீடு. பாவம், மனிதர் என்னைச் சாப்பிடத்தான் கூப்பிட்டிருந்தார்.

சிவநேசனுக்கு விமான நிலையத்தில் வேலை. ஷிப்ட் இல்லாத நாட்களில் சாமிப் படங்களுக்குப் பிரேம் போடுவார். புது வீட்டோடு கராஜ் கிடைத்ததும் அதை வேலைத்தளம் ஆக்கிவிட்டார். ஒவ்வொன்றாகக் காட்டினார். வாள், ஆணிப்பெட்டி, கண்ணாடி வெட்டும் மேசை... மூலையில் ஒரு காஸ் ஹீற்றர். கதவுக்குக் கீழே, குளிர் நுழையாமல் சுருட்டி அடைத்த துவாய்கள்.

"நல்ல சூடாய்க் கிடக்கல்லோ அண்ணை?" என்றார் பெருமையாக.

"ஓம்... இதுக்குள்ளை நெடுக நிண்டு வேலை செய்ய உமக்கு ஒண்டும் செய்யிறேல்லையோ?"

"கொஞ்சம் தலையிடிக்கும். புது வீடல்லோ, வாற போற ஆக்களின்ரை கண். போன கிழமை மனிசி நாவூறு கழிச்சவ. கழிச்ச உடனை சுகம்!"

அவ்வளவுதான். ஹீற்றரை நிற்பாட்டினேன். துவாய்களை உதைத்துத் தள்ளினேன். கதவைத் தூக்கினேன். "வெளியாலை வாரும் ஐசே!" என்று கத்தினேன். சிவநேசன் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது — நாவூறு என்கிற கண் திருஷ்டி இப்போது எனக்குத்தான் பட்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்றைக்கு அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதாமல் ஒளித்து வைத்திருந்த கதை. ஏன் ஒளித்தேன்? இதில் வரும் மடையன் நான்!

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டன் புறநகரான சட்டனில் அக்கா வீடு. அத்தான், அதாவது அக்காவின் கணவர், மணமக்கள் அமர்கிற மணவறை செய்வதில் விண்ணன். பலகை வெட்டி, தூண் நிறுத்தி, தாமரையும் மயிலும் கீறி, தங்கப் பெயின்ற் பூசுவார். எல்லாம் கராஜுக்குள்தான். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பலகைகளைப் பிடித்துக் கொடுப்பேன்.

குளிர்காலம் வந்தது. பசை இறுகவில்லை. பெயின்ற் காயவில்லை. அத்தானுக்கு விரல் மடங்கவில்லை. சூடு வேண்டும்... ஆனால் எந்தச் சூடு? இரண்டு சனிக்கிழமை இதையே பேசினோம்.

எங்களைக் கவலையீனமான ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் சுத்தப் பயந்தாங்கொள்ளிகள். மின்சார ஹீற்றர்? கம்பி சிவப்பாகக் காயும், மரத்தூள் பறந்து விழும், பற்றிக்கொள்ளும். வேண்டாம். மண்ணெண்ணெய் ஹீற்றர்? பெயின்ற் டின்னுக்குப் பக்கத்தில் சுவாலையா? ஐயோ, வேண்டவே வேண்டாம். கடைசியில் அத்தான்தான் வழி கண்டுபிடித்தார்.

"கரி இருக்கல்லோ! வெளியிலை வைச்சுத் தணலாக்கிப்போட்டு உள்ளுக்குக் கொண்டந்து வைப்பம். சுவாலையும் இல்லை, புகையும் இல்லை. புகை இல்லாட்டி என்னடா பயம்?"

எவ்வளவு நியாயமான பேச்சு! ஊரில் தலை முழுகினால் சாம்பிராணித் தணல். பிள்ளை பெற்றவளின் அறையில் தணல். சட்டை மினுக்குகிற இஸ்திரிப் பெட்டிக்குள் தேங்காய்ச் சிரட்டைக்கரி. யார் செத்தார்கள்? அந்த வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையில் பூனை போய்வரும் அளவுக்கு வெளி இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை.

அக்காவின் பெரிய இரும்புச் சட்டியை நாலு செங்கல்லின் மேல் வைத்தோம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். இன்னொரு வாளி மணல். நெருப்புக்கு அவ்வளவு பயம்! பிறகு என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்தேன். கதவு இடுக்கு, ஜன்னல் விளிம்பு — எங்கெல்லாம் காற்று வந்ததோ அங்கெல்லாம் அக்காவின் பழைய சேலைகளைத் திணித்து அடைத்தேன். ஊசி நுழைய இடம் விடவில்லை.

"கெட்டிக்காரன்ரா நீ" என்றார் அத்தான். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கொஞ்ச வேலையே மிச்சமிருந்த மணவறையை அன்றே முடித்தோம். அது விம்பிள்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போனது. சனம் வாயைப் பிளந்தது. அடுத்த சனிக்கிழமை இன்னொரு மணவறை வேலையில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் அத்தானுக்குத் தலையிடி, சத்தி. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. எனக்கும் தலை சுற்றியது. அக்காவுக்கோ காரணம் உடனேயே தெரிந்துவிட்டது.

"அத்தினை சனமும் கண் வைச்சதல்லோ. நாவூறு! வேறை என்ன?"

செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுவந்தார். எங்களைச் சேர்த்து நிறுத்தி, மூன்று தரம் சுற்றி, கராஜுக்குள் இருந்த அதே தணலில் போட்டார். அம்மாடி! மூன்று பேரும் இருமி, தும்மி, கண்ணீர் வடிய, கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். புகை அடங்கும்வரை அரை மணித்தியாலம் கதவு திறந்தே கிடந்தது. தலையிடி போன இடம் தெரியவில்லை!

"பாத்தியளே?" என்றார் அக்கா.

உண்மையில், மிளகாய்ப் புகை தொண்டையில் காறினால் நாவூறு இல்லை என்றுதான் ஊரில் சொல்வார்கள். அது அன்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. உள்ளே போனோம். கதவை மூடினோம். சேலைகளை மறுபடி திணித்தோம். திணித்தது நான்தான்.

அதற்கடுத்த சனிக்கிழமை அத்தான் காலையிலேயே தனியாகத் தொடங்கிவிட்டார். நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அக்கா தேத்தண்ணியை என் கையில் தந்து, "கூப்பிடக் கூப்பிட வாறாரில்லை. வேலை எண்டால் அந்த மனிசனுக்குக் காது கேளாது" என்றார்.

தட்டினேன். பதில் இல்லை. உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. கதவைத் தூக்கினேன், அசையவில்லை. நான் முன்பு செய்து காட்டியபடியே அத்தான் உள்ளேயிருந்து திணித்த சேலை இறுகிப் பிடித்திருந்தது. தேத்தண்ணியைக் கீழே போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்துத் திறந்தோம்.

அத்தான் மணவறைத் தூணில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். கையில் பெயின்ற் தூரிகை. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களை அடையாளம் தெரிந்தமாதிரி இல்லை.

"அத்தான்! எழும்புங்கோ!"

"கால்... வருகுதில்லை." நாக்குப் புரண்டது. கண் செருகிவிட்டது.

அக்கா ஐயோ என்று குழறிய குழறல் இன்னும் என் காதில் கிடக்கிறது. கமக்கட்டில் கை கொடுத்து இழுத்து, வாசல் சீமெந்தில் அவரைக் கிடத்தினேன். கடவுளே, கடவுளே... வேறு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அக்கா போன் செய்ய ஓடினார். அம்புலன்ஸ் வரும்வரை அத்தானின் மூக்கடியில் கையை வைத்தபடி இருந்தேன். மூச்சு வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த நிமிஷங்களைப்போல நான் பிறகு பயந்ததில்லை.

அம்புலன்ஸில் வந்தவர் அத்தானுக்கு ஒட்சிசன் மாஸ்க்கைப் போட்டுவிட்டுச் சட்டியைப் பார்த்தார். பிறகு சேலைகளைப் பார்த்தார். தணலிலிருந்து விஷவாயு வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அடைத்த அறைக்குள் அது சத்தமில்லாமல் ஆளை முடித்துவிடும் என்றார். "யார் இவ்வளவு இறுக்கமாக அடைத்தது?" என்று கேட்டார்.

அக்கா நிலத்தைப் பார்த்தார். நான், "ஐ டிட்" என்றேன். அன்றைக்குத் திணித்த கை அத்தானுடையது, பழக்கிவிட்டது நான்.

அத்தான் பிழைத்துக்கொண்டார். கை மட்டும் லேசாக நடுங்கும். அதன் பிறகு அவர் கீறிய மயில்களுக்குக் கழுத்துக் கோடு ஒருநாளும் சீராக வந்ததில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. நான் கவனிக்கிறேன்.

கதையைக் கேட்டுவிட்டுச் சிவநேசன், "இது கரி இல்லையே அண்ணை, காஸ்தானே?" என்றார்.

"எரியிற சாமான் எது எண்டாலும் ஒண்டுதான். அதுசரி, உம்மடை மனிசி எங்கை வைச்சு நாவூறு கழிச்சவ?"

"இதுக்குள்ளைதான். சிரட்டையைக் கொளுத்தி..."

"மிளகாய் காறினதோ?"

"காறாமல்? உடனை கதவைத் திறந்துகொண்டு..." சொல்லிக்கொண்டு வந்தவர் திரும்பி, திறந்து கிடந்த கராஜ் கதவைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

பிறகு இருவருமாக இருந்து யோசித்தோம். உள்ளே எண்ணெய் அடைத்த மின்சார ரேடியேற்றர்தான் சரி என்று வந்தது. சுவாலையும் இல்லை, சிவக்கிற கம்பியும் இல்லை. நேரே சுவர்ப் பிளக்கில் கொடுக்கவேண்டும், மரத்தூளைத் துடைக்கவேண்டும், மேலே துணி போடக்கூடாது. பெயின்ற் பூசும்போது ஜன்னலைத் திறக்கவேண்டும். குளிருமே? குளிரட்டும், இன்னொரு சுவெற்றரைப் போடட்டும்! திங்கட்கிழமையே வாங்கிவிட்டார்.

ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. இந்தக் கிழமை முழுக்கத் தினமும் போன் எடுத்து, "தலையிடிக்குதோ?" என்று கேட்கிறேன். நேற்று மனிதருக்குப் பொறுமை போய்விட்டது.

"இல்லை அண்ணை. நீங்கள் போன் எடுக்கேக்கை மட்டும்தான் இடிக்குது!"

இடிக்கட்டும்.

நாவூறு கழிக்கிறவர்கள் தாராளமாகக் கழியுங்கள் — ஆனால் முதலில் கதவைத் திறந்துவிட்டு.