விளக்குச் சூட்டில் கரைந்த படிகங்கள்

கிருஷ்ணன்கோவிலில் முதுகலை படித்தபோது எனக்கும் என் தோழிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசை. நான் ராஜபாளையத்திலிருந்து காலேஜ் பஸ்ஸில் வருவேன்; அவள் ஸ்ரீவில்லிபுத்தூர். பருத்தி விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதத்தைப் படிகமாக்குவது அவளுடைய வேலை. கரைசலில் உப்பைச் சேர்த்து, தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்து மூடி, குளிர்பெட்டியில் விட்டுவிட வேண்டும். சொட்டில் நீர் மெல்லக் குறையக் குறைய, புரதம் ஒழுங்காக அடுக்கிக்கொண்டால் படிகம். அவசரப்பட்டால் திரிந்த பால்போல வெள்ளைக் கசடு.

மாதக்கணக்கில் கசடுதான். ஒரு வியாழக்கிழமை படிகம் வந்துவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் கற்கண்டுபோல மின்னியது. இன்னும் வளரட்டும், வந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். பட்டாளத்திலிருந்து அவள் அண்ணன் லீவில் வருகிற நேரம்; மறுநாள் அவள் காலேஜுக்கு வரமாட்டாள்.

"ஏட்டி, திங்கக்கிழமை வாரேன். தட்ட யாரும் தொடாம பாத்துக்கோ."

தொட்டது நான்தான். இன்னொரு தடவை பார்க்க ஆசை. வெள்ளிக்கிழமை மதியம் தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். போன் வந்தது, பேசிக்கொண்டே சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, அணைக்காமல் விட்ட மைக்ரோஸ்கோப் விளக்குச் சூட்டில் தட்டு வெதுவெதுவென்றிருந்தது. சொட்டுகள் வெறும் தெளிந்த நீர். குளிர்ந்தால் திரும்ப வருமென்று தட்டை அவசரமாகக் குளிர்பெட்டியில் திணித்தேன்.

திங்கட்கிழமை கசடு மட்டுமே இருந்தது.

"நீ எடுத்துப் பாத்தியா?" என்றாள்.

"நான் அந்தப் பக்கமே போகலட்டி."

நம்பிவிட்டாள். உப்பு கூடிவிட்டது என்று நினைத்துக் குறைத்தாள். மேலும் குறைத்தாள். சரியாக இருந்த அளவைவிட்டு அவள் விலகிப் போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு படிகத்தின் படம்கூட இல்லாமல் அறிக்கை கொடுத்தாள்.

போன வருஷம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பேண்டேஜ் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையாம். அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்லிவிட்டேன்.



"கரைஞ்சதுக்கு நான் கோவிச்சிருக்க மாட்டேன். அன்னைக்கே சொல்லிருந்தா அதே அளவுல மறுபடி போட்டிருப்பேன்லா? எம்புட்டு நாளு எனக்குத்தான் வேல தெரியலன்னு அழுதிருக்கேன், தெரியுமா?"

மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் பஸ் வந்தது.

"வீட்டுக்கு வா, பொறவு பேசுவோம்" என்று ஏறிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரப் பயணம்தான். இன்னும் போகவில்லை.