பதினாறு போல்ட்

எண்ணிக்கை அண்ணன் என்றால்தான் அந்தத் தெருவில் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் மின்கட்டண ரசீதோடு சரி. ஓர் இன்ஜினைப் பிரிக்கும் முன் அவர் பழந்துணிகளை எண்ணுவார். ஒவ்வொன்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, மறுமுனையை பானட் கொக்கியில் முடிவார். வேலை முடிந்ததும் வாய்விட்டு இன்னொரு தடவை எண்ணுவார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள், "என்னண்ணே, பிள்ளைங்க எல்லாம் வீடு வந்து சேர்ந்தாச்சா?" என்று கிண்டலடிப்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவார். அந்தப் பழக்கம் எப்போது, எதனால் வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மனுஷன் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

வேலை தெரியாதவர் என்று மட்டும் யாரும் நாக்கில் பல் படச் சொல்ல முடியாது. எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர் சின்னக் கார் இன்ஜின் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சிலிண்டர் அகலமான போர் அறுபத்தெட்டரை மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் எழுபத்திரண்டு. சிலிண்டர்கள் ஒன்று, மூன்று, இரண்டு என்ற வரிசையில் வெடிக்கும். ஆயில் மூன்று லிட்டர், ஃபில்டர் மாற்றினால் கொஞ்சம் கூட. அதன் நோய்களும் அவருக்கு அத்துப்படி. வெயிலில் ஊர்ந்தால் கரண்ட் விட்டுவிட்டு வரும். மேல்மூடி ஓரமாக ஆயில் கசியும். தண்ணீர் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு போய்விடும். நூற்றில் ஒன்றுக்கு ஆயில் பம்புக்குள் இருக்கும் குட்டிப் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். அழுத்தம் கூடினால் திறந்து, குறைந்தால் மூடிக்கொள்வது அதன் வேலை. திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஆயில் மேலே ஏறாது, இன்ஜின் காய்ந்து இறுகிவிடும். முன்கூட்டி எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அது.

பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அதே ரக இன்ஜின் ஒன்று பதினோரு வருஷமாகக் கிடந்தது. பழைய டயர் மேல், தார்ப்பாய் போர்த்தி, நொறுங்கிய வண்டியோடு இரும்புக்குப் போகாமல் அவரே காசு கொடுத்து வாங்கிப் போட்டது. அண்ணன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். கொட்டகையிலிருந்து ஏதாவது வேண்டுமானால், முன்னால் உதிரிபாகக் கடையைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவிதான் போய் எடுத்து வர வேண்டும். கம்ப்ரஸர் ஓடும்போது தார்ப்பாயின் ஒரு முனை தகரத்தில் படபடவென்று அடிக்கும். அண்ணன் காதுக்கு அது தார்ப்பாய் இல்லை. அது ஆயில் இல்லாத பேரிங் தட்டுகிற சத்தம். ஒன்று, மூன்று, இரண்டு. கம்ப்ரஸரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கேட்கும். சாப்பாட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். இறந்த இன்ஜின் எங்கேயாவது ஓடுமா? அவருக்கு ஓடியது.

அது கண்ணாடிக்கடைக்காரர் வீட்டு வண்டியின் இன்ஜின். அடுத்த தெருவில் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கும் மனிதர், தங்கமான ஆள். வண்டியை ஓட்டியது அவர் மனைவி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆயில் பார்ப்பது மட்டும் கணவர் பொறுப்பு. பதினோரு வருஷத்துக்கு முன் ஹெட் கேஸ்கட் மாற்ற அந்த வண்டி அண்ணனிடம் வந்தது. ஹெட்டைக் கழற்றிச் சுரண்டும்போது துகள் உள்ளே விழாமல் இருக்க, ஆயில் கீழே இறங்கும் துளைகளில் துணி திணிப்பார்கள். மூன்று துளை, மூன்று துணி. அவருடைய பழைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கிழித்த துணி. முடிக்கிற நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்து ஹெட்டை மாட்டினார். இரண்டு துணியை உருவியது நினைவிருக்கிறது. மூன்றாவதை உருவினாரா? அங்கேதான் சனியன் பிடித்தது. எவ்வளவு யோசித்தாலும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

எட்டாம் நாள் சரிவுச் சாலையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகிவிட்டது. சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பள்ளத்தில் இறங்கியது. அந்தம்மா அங்கேயே போய்விட்டார்.

சேதி கேட்டு அண்ணன் ஓடியபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். காய்ந்திருந்தது. சொட்டு ஆயில் இல்லை, அதனால்தான் இறுகிவிட்டது என்று எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற கணவர் யாரும் கேட்காமலே சொன்னார்: "இந்த ஞாயித்துக்கெழம நான் பாக்கல."

அண்ணனுக்குத் தெரியும். சாய்ந்த வண்டியில் ஆயில் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும், கம்பிக்கு எட்டாது. தொழில் படிக்க வந்த முதல் வாரத்திலேயே தெரிகிற விஷயம். சொல்ல வாயெடுத்தார். ஆயில் இருந்தது என்று ஆகிவிட்டால், பிறகு ஏன் இறுகியது என்று கேட்பார்கள். கேட்டால் கீழே ஆயில் தொட்டியைத் திறப்பார்கள். திறந்தால் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொண்டு நீலக் கட்டம் போட்ட துணி இருக்கும். வந்த வார்த்தையை அப்படியே மென்று விழுங்கிவிட்டார். அட, ஒரே ஒரு வார்த்தை!

சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் கண்ணாடிக்கடைக்காரரின் மகள் அப்பாவைப் பார்த்து, "ஆயில் பாக்கறது ஒண்ணுதானப்பா உங்க வேல" என்றாள். அதன் பிறகு வெளியூர் போனவள் அவரோடு பேசவே இல்லை, அவர் போனையும் எடுப்பதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், கண்ணாடிக்கடைக்காரருக்கு அண்ணன் மேல் கொள்ளைப் பிரியம். பிறகு வாங்கிய வண்டியையும் இங்கேதான் விடுவார். வந்து நின்றதும் முதல் காரியமாகக் கம்பியை உருவிக் கைக்குட்டையில் துடைத்துப் பார்ப்பார். பட்டறையில் பத்து நிமிஷம் நின்றால் இரண்டு தடவை பார்ப்பார். அவர் கைக்குட்டைகளில் கறுப்புக் கோடு விழாதது ஒன்றுகூட இல்லை. அண்ணனின் மூக்குக்கண்ணாடியும் அவர் செய்து கொடுத்ததுதான். காசு வாங்க மாட்டார். நாலு பேர் உயிர் உங்க கையில இருக்கு, பார்வை தெளிவா இருக்கணும் என்பார். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அண்ணன் தலை குனிந்துகொள்வார். இவர் அடக்கத்தை ஊரே மெச்சியது.

இப்படியே போயிருக்கும். போன மாதம் இடத்துக்காரர் பின்பக்கக் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பழைய இரும்பு லாரி ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. சம்மட்டியால் இரண்டு அடி, இன்ஜின் துண்டு துண்டாகிவிடும், உள்ளே இருந்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. அண்ணன் அன்று காலையிலிருந்து கை ஓடாமல் கால் ஓடாமல் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவிக்கு விஷயம் பாதி தெரியும், மீதியை ஊகித்து வைத்திருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"இத்தன வருஷமா அதோட குடும்பம் நடத்தியாச்சு. அனுப்பிட்டா நின்னுடும்னு நெனைக்கிறீங்களா? தெறந்து தொலைங்க."

மதியம் ஒரு மணிக்கு அண்ணன் தார்ப்பாயை விலக்கினார். இன்ஜின் மேல் கை வைக்கப் பயம், சுடுமோ என்று. சுடவில்லை, சில்லென்று இருந்தது. கீழே அளவு ஜாடியை வைத்து வடிகால் போல்ட்டைத் திருப்பினார். கறுப்பாக ஆயில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று லிட்டருக்கு ஒரு விரல்கடை குறைவு. அவர் மனைவி ஜாடியைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

இன்ஜினைப் பக்கவாட்டில் சாய்த்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். பதினாறு போல்ட். ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தார். தொட்டி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, தட்டி நெம்பினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்த ஓசிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

சல்லடை சுத்தமாக இருந்தது. துணி இல்லை. நூல்கூட இல்லை. தொட்டியை விரலால் துழாவினார், மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்தார். கிடையவே கிடையாது. மூன்றாவது துணியை உருவத்தான் செய்திருக்கிறார். கை செய்ததை மனசு மறந்துவிட்டது, அவ்வளவுதான். பம்பைப் பிரித்தார். விரல் நுனி அளவுக் குட்டிப் பிஸ்டன் திறந்தபடியே சிக்கி, அசைய மாட்டேன் என்றது. நூற்றில் ஒன்று.

"அப்ப உங்க மேல தப்பே இல்லையே" என்றார் மனைவி.

அண்ணனுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அதற்குள் கண் சுவர்க் கடிகாரத்தில் விழுந்தது. மணி ஒன்றே முக்கால். போல்ட்டுகள் பாட்டுக்கு வரிசையாகக் கிடந்தன. அவர் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். லாரி வந்தபோது மனைவிதான் போய்த் திருப்பி அனுப்பினார்.

சாயங்காலம் ஜாடியையும் பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்குப் போனார். துணியிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல், பூசி மெழுகாமல் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் ஜாடியையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று அண்ணன் எதிர்பார்த்தார். பிடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"எத்தன போல்ட்டுண்ணே?"

"பதினாறு சார்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

அண்ணன், "முக்கா மணி நேரம்" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் தலையை ஆட்டினார். கைக்குட்டையை எடுத்து, ஜாடியின் வெளிப்பக்கம் வழிந்திருந்ததைத் துடைத்தார். துடைத்த இடத்தையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் எண் ஒன்றை எழுதி மேஜை மேல் நகர்த்தினார். மனப்பாடமாக இருந்தது.

"என் நம்பர்னா எடுக்க மாட்டா. உங்க போன்ல போடுங்க. நீங்களே சொல்லுங்க."

அண்ணன் தன் போனில் போட்டார், மணி நான்கு தடவை அடித்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், யார் என்று கேட்டது. அண்ணன் எதிரே நின்றவர் முகத்தைப் பார்த்தார். பள்ளத்து ஓரத்தில் நின்ற அதே முகம். அன்று விழுங்கிய வார்த்தை அங்கேயே, தொண்டையிலேயே இருந்தது.

"மெக்கானிக் பேசறேம்மா" என்றார். "சாஞ்சு கெடக்கற வண்டியில ஆயில் பாக்கக் கூடாதும்மா. அன்னைக்கே எனக்குத் தெரியும்."