முதல் மணியிலேயே எடுக்கும் குரல்

போடிமெட்டுக்கு அப்பால் எனக்கு இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விட வேண்டும். தோட்டத்தின் கீழ்க்கோடியில் தண்ணீர் மண்ணில் இறங்காமலிருக்கப் படுதா விரித்த குளம், கரையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் மோட்டார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். இந்த இரண்டு பொத்தான்களுக்காகத்தான், மனைவி இறந்துபோன பிறகு ஆறு கோடையும், அடிவாரத்து ஊரிலிருந்து வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

முன்சீட்டில் கதவோரம் என் இடம். பின்னால் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேர், சில நாள் பன்னிரண்டு. அவர்கள் ஏறும்போதே தலைகளை எண்ணிவிடுவேன். பத்தைத் தாண்டினால் பிரேக் பிடிக்குமா என்று எனக்குக் கவலை. ஓட்டுநரிடம் சொன்னால் அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"அண்ணே, அய்யாவை இங்கனயே இறக்கி விட்ருங்க. லோடு சரியாப் போயிரும்."

வண்டியே சிரிக்கும். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன். அந்தக் கிண்டல் வராத நாளில் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் இறங்கி வரும்போது ஒரு வளைவில் தலைசுற்றி, வண்டியை நிறுத்தச் சொல்லிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அது சென்னையிலிருக்கும் மகன் காதுக்குப் போய்விட்டது. இந்தப் பொங்கலுக்கு வந்தவன், ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து மோட்டாரோடு இணைத்துவிட்டான். அதற்குள் ஒரு சிம் கார்டு. வீட்டில் இருந்தபடியே அந்த எண்ணைக் கூப்பிட்டால் போதும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும், மூன்றை அழுத்தினால் நிலவரம் சொல்லும். இனி நீங்கள் மலையேறவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வாசலில் நின்றபடியே மோட்டாரை ஓட்டிக் காட்டினேன். இரண்டாவது வாரத்திலிருந்து, காலை ஐந்தரைக்கு ஜீப்பு தெருமுனையில் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும்போது, குளித்துச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கப்புறம் இரவு வரை எனக்கு ஒரு சோலியும் இல்லை. மகனைக் கூப்பிட்டால் பன்னிரண்டு தடவை மணி அடித்து ஓயும். பிறகு கூப்பிடுகிறேன் என்று ஒரு செய்தி வரும். மோட்டாரைக் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடும். பதிவு செய்த பெண் குரல்தான். மோட்டார் ஓடவில்லை, மும்முனை மின்சாரம் இருக்கிறது, மின்னழுத்தம் இவ்வளவு என்று அவசரமில்லாமல் சொல்லும். மின்னழுத்தம் குறைந்திருந்தால் எனக்குக் கவலையாக இருக்கும். குறையாமல் இருந்தால், இனிமேல் குறையுமோ என்றிருக்கும். மறுபடி கூப்பிடுவேன். ஒருநாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி ஆத்தா, வச்சுர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டைச் சுற்றும்முற்றும் பார்த்தேன்.

மாசி மாதத்தில் மகனிடம் ஒரு பொய் சொன்னேன். மேலே சிக்னல் சரியில்லை, பெட்டி எடுக்கமாட்டேனென்கிறது, நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன். மறுநாள் ஜீப்பில் ஏறினேன். "என்னங்கய்யா, மோட்டாருக்குக் காய்ச்சலா?" என்று பின்னாலிருந்து விசாரணை. அடுத்த முறை, "இன்னும் விடலையா? வெரசா ஒரு ஊசியப் போடுங்க." நாலு தடவை இப்படிப் போய் வந்தேன்.

ஐந்தாவது தடவைக்கு முன்பு மகனே கூப்பிட்டான். அவன் செல்போனிலும் அந்த மோட்டார் இருக்கிறதாம், அங்கிருந்தும் ஓட்டலாமாம். எப்போது ஓடியது, எப்போது நின்றது, யார் எத்தனை தடவை கூப்பிட்டார்கள், எல்லாம் அங்கே தெரியுமாம். சிக்னல் ஒரு நாளும் போகவில்லை என்றான். தலைசுற்றலோடு இப்படி மலையேறுவதாக இருந்தால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், கேட்கிற ஆள் இருக்கிறது என்றும் சொன்னான். பிறகு குரலைத் தணித்துக் கேட்டான்.

"ஏம்ப்பா, நேத்து மட்டும் இருபத்தாறு தடவை மோட்டாரைக் கூப்பிட்டிருக்கீங்க. எதுக்கு?"

மின்னழுத்தம் பார்க்க என்று வாய்வரை வந்தது. தோட்டம் கைவிட்டுப் போனால் அந்த ஜீப்பில் ஏற எனக்கு எந்தக் காரணமும் இருக்காது. அந்தப் பயம்தான் என்னைப் பேச வைத்தது.

"மோட்டாருக்காகப் போகலைடா. ஜீப்புக்காகத்தான் போறேன்."

அவன் பக்கம் அலுவலகத்தில் யாரோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சரி, குத்தகை வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் போய் வாருங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை போனேன். காய்ச்சல் விட்டதா என்று கேட்டார்கள். மோட்டார் நன்றாக இருக்கிறது, சும்மாதான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் பொய் சொல்ல மனம் வரவில்லை. வயதான ஒருத்தி, காற்று முகத்தில் அடிக்கும் என்று கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னாள். இன்னொருத்தி சாப்பிட்டு வந்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். அன்றைக்குப் பின்னால் பதிமூன்று பேர். நான் ஓட்டுநரிடம் பிரேக் பேச்சை எடுக்கவில்லை. அவர்களும் என்னை இறக்கிவிடச் சொல்லிக் கிண்டல் செய்யவில்லை.

தோட்டத்து வழியில் என்னை இறக்கிவிட்டு ஜீப்பு போய்விட்டது. கொட்டகையைத் திறந்து பச்சைப் பொத்தானுக்குக் கையை நீட்டினேன். தொடுவதற்குள் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. வந்த கோபத்தில் சிவப்பை அழுத்தி நிறுத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மறுபடி ஓடியது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி ஓடியது.

சென்னையிலிருந்து அவன்தான் அழுத்துகிறானா, அல்லது பெட்டி தானாக ஓட்டும்படி அங்கிருந்தே நேரம் வைத்துவிட்டானா, தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன்தான் என்று வைத்துக்கொண்டு, கொட்டகை வாசலில் உட்கார்ந்து, மூன்றாவது தடவை அதை ஓட விட்டுவிட்டேன்.