இறுகிப்போன அரைஞாண்

நான் வாழும் இந்த நெதர்லாந்தில் அடுத்தவர் பிள்ளையை யாரும் தொடமாட்டார்கள். பஸ்ஸில் பார்த்துச் சிரிப்பதோடு சரி. அப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூட நர்ஸ் என் மகன் நிலவனின் சட்டையைத் தூக்கி, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்தாள். தோலுக்கடியில் எவ்வளவு கொழுப்பு என்று அளக்கிறார்களாம். எங்கள் காஞ்சிபுரத்தில் பிள்ளையைக் கிள்ளாதவர் யார்? பூக்காரம்மா முதல் பஸ் கண்டக்டர் வரை கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் மறுவேலை. கிள்ளியதை யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றியதில்லை.

நிலவனுக்கு ஒன்பது வயது. கைகால் குச்சி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால். "எடை சரிதான், மெவ்ரவ். ஆனால் உடம்பில் கொழுப்பு அதிகம். இப்போதே கவனித்தால் பயமில்லை" என்றாள் நர்ஸ். அம்மணி என்பதைத்தான் இங்கே மெவ்ரவ் என்பார்கள். தன்மையான பெண். அவள் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் என் அக்காவுக்குத்தான் வீடியோவில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

"இன்னாடீ சொல்றா அவ? புள்ள துரும்பா எளச்சிக்கினு இருக்குது, அதப் போயி குண்டுன்றாளா? கண்ணு வெக்காதன்னு சொல்லு. நெய் ஊத்திப் போடும்மா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிலவன் எல்லாவற்றையும் கேட்டான். அவன் நம்பியது நர்ஸை.

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு அளவு அரைஞாண் கயிறுதான். "போன வருசக் கயிறு பத்தலம்மா" என்று தம்பியைக் காட்டி அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள். புதுக் கயிற்றைக் கட்டிய பிறகே பழையதை அறுப்பாள். வெறும் இடுப்பாக ஒரு நிமிடமும் விடக்கூடாது. உயிர் போனவர்களுக்குத்தான் அப்படி அறுப்பது. நிலவனுக்கும் நான் கறுப்புக் கயிறு கட்டியிருந்தேன், இரண்டு விரல் நுழைகிற தளர்வில்.

கொடுத்தனுப்பிய சாப்பாடு அப்படியே திரும்பி வரத் தொடங்கியது. கேட்டால் பசிக்கவில்லை என்பான். கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை. போன வாரம் விளையாட்டு வகுப்பில் மயங்கி விழுந்தான் என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். நர்ஸ் அவன் சட்டையை விலக்கி, "இதைக் கட்டியது நீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம். எங்கள் ஊரில் எல்லா ஆண்பிள்ளைக்கும் கட்டுவோம்" என்றேன், பெருமையாகவே.

அவள் முகம் மாறியது. வயிற்றை அமுக்க நானே கட்டியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் நான் குனிந்து பார்த்தேன். கயிறு சதைக்குள் புதைந்து, சுற்றிலும் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. முடிச்சின் மேல் முடிச்சு. ஒன்றுகூட நான் போட்டதில்லை.

"டெய்லி கொஞ்சம் இறுக்கினா வயிறு உள்ள போயிடும்லம்மா?" என்றான்.

நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் நானே எடுக்கிறேன் என்று மன்றாடி அவனை அழைத்து வந்தேன். அவள் என்னை என்னவென்று நினைத்திருப்பாள்!

வீட்டில் முடிச்சு அவிழவில்லை. வேறு கயிறும் இல்லை. அக்காவை அழைத்தேன்.

"புதுசு கட்டாம அறுக்காதடீ, ஆகாது! கோயில் வாசல்ல வாங்கி இன்னிக்கே கொரியர் போட்டுடறேன்."

"அது வர்ற வரைக்கும் இது புள்ள வயித்த அறுத்துக்கினு இருக்கணுமாக்கா?" என்று கத்திவிட்டேன். அக்காவும் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் நெய்ஞ்ச பொடவ இருக்குதில்ல? முந்தி குஞ்சத்துல நாலு இழ உருவி முறுக்கிக் கட்டு. அப்பறம் அறு" என்றாள்.

அப்படியே செய்தேன். பட்டு இழையைக் கட்டிவிட்டுப் பழைய கயிற்றை அறுத்தேன். நிலவன் வலியில் பல்லைக் கடித்தான். தளர்வு போதுமா என்று பார்க்க இழைக்குள் இரண்டு விரலை விட்டேன்.

"நல்லா லூசா வுடுடீ, புள்ள வளரணும்" என்றாள் அக்கா போனில்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கும்மா" என்றான் நிலவன்.

இழைக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவிலிருந்த விரல்களை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.